வல்லிசையும் மெல்லிசையும்

செய்யுளின் ஓசை வேறுபாடுகளை இருபது வண்ணங்களாக வகுத்த தொல்காப்பியர், வல்லிசை வண்ணத்தையும் மெல்லிசை வண்ணத்தையும் அடுத்தடுத்து வைத்தார். வல்லெழுத்து மிக்கு வருவது ஒன்று. மெல்லெழுத்து மிக்கு வருவது மற்றொன்று. ஒன்றினும் மற்றொன்று உயர்ந்தது என அவர் கூறினாரல்லர். தூங்கி நடக்கும் ஓசைக்கும் முடுகி ஓடும் ஓசைக்கும் அவரது வகுப்பில் ஒத்த இடமே உண்டு. இலக்கணம் காட்டிய இந்த நடுநிலையை மனிதர் எல்லாக் காலத்தும் காட்டியதில்லை. வல்லோசை முரடர்க்குரியது, மெல்லோசை பண்பட்டோர்க்குரியது என்பது ஒரு சாராரின் துணிபு. வல்லோசையே உண்மையானது, மெல்லோசை விலைபோனவரின் ஓசை என்பது மற்றொரு சாராரின் துணிபு. இவ்விரு துணிபுகளுக்கும் இடையில் அகப்பட்டு அலைக்கழிந்த இசைக்குழுக்கள் பல. அவற்றுள் 1980களில் மேலைநாட்டில் எழுந்த திராஷ் மெற்றல் குழுக்களின் கதை தனித்து நோக்கத்தக்கது. அக்கதையை வன்னி மண்ணில் நின்று நோக்குமிடத்து, அது வெறும் இசை இரசனை பற்றிய கதையாக நின்றுவிடுவதில்லை.

திராஷ் என்னும் ஆங்கிலச் சொல்லும் சூடடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒரே வேரிற் பிறந்தவை. இரணைமடுக் குளத்து நீரில் விளையும் வயல்களை அறிந்தவர்க்கு இச்சொல்லின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கதிரை அடித்து மணியைப் பிரிக்கும் அந்த இடையறாத அடியே இவ்விசையின் உயிர். கிற்றாரின் தடித்த நரம்புகளை உள்ளங்கையின் விளிம்பால் அழுத்திக்கொண்டு மேலிருந்து கீழாக விரைந்து மீட்டும்போது, சுரம் நீண்டொலிக்காமல் வெட்டுண்டு வெட்டுண்டு விழுகிறது. இரு கால்களாலும் மிதித்து ஒலிக்கப்படும் பெருமுரசு அதற்குத் துணையாகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 அடிகள் என்னும் வேகத்தைப் பல பாடல்கள் தொடும். குரல் பாடுவதில்லை, சில சுரங்களுக்குள் நின்று முழங்குகிறது. சட்சத்தை அடுத்த சுத்த ரிடபத்தையும், எட்டி நிற்கும் பிரதி மத்திமத்தையும் சட்சத்தோடு மோதவிட்டு, காது அமைதி தேடும் இடங்களில் எல்லாம் அமைதியை மறுப்பது இதன் சுர இயல்பு. தொல்காப்பியரின் சொற்களிற் கூறின், வல்லிசையும் முடுகும் ஒருங்கு கூடிய வண்ணம் இது.

இவ்வோசையை வெறும் இரைச்சல் என்று தள்ளியவர் பலர். ஆயின் அது பிறந்த சூழலை நோக்கின் அதன் நியாயம் புலப்படும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க வானொலிகளையும் தொலைக்காட்சிகளையும் ஒப்பனை மிகுந்த இசைக்குழுக்கள் நிறைத்திருந்தன. அணு ஆயுதப் போரின் அச்சம் உலகின் மேற் கவிந்திருந்தது. அந்த ஒப்பனைக்குள் தம் அச்சத்துக்கும் சினத்துக்கும் இடமில்லை எனக் கண்ட இளைஞர் சிலர், அழகென்று கூறப்பட்டதை வேண்டுமென்றே மறுத்தனர். போர், சிறை, பித்து, அதிகாரத்தின் பொய் என்பனவே அவர்தம் பாடுபொருள். கூறுபொருளுக்கு ஏற்ற ஓசையையே அவர்கள் தேர்ந்தனர்.

அவ்வகைக் குழுக்களுள் மிகுந்த பெயர் பெற்றது மெற்றாலிக்கா. ஜேம்ஸ் ஹெற்ஃபீல்டும் டென்மார்க்கிலிருந்து வந்த லார்ஸ் உல்றிக்கும் 1981இல் லொஸ் ஏஞ்சலிசில் தொடங்கிய இக்குழு, 1983இல் 'கில் எம் ஓல்' என்ற தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அதில் வேகத்தைத் தவிர வேறொன்றையும் நாடாத இளமை தெரிந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த இரண்டாவது இசைத்தட்டிலேயே ஒரு மாற்றம் தலைகாட்டிற்று. 'ஃபேட் ரு பிளாக்' என்னும் பாடல் மெல்லிய மீட்டலோடு தொடங்கி, உயிர் வாழும் விருப்பை இழந்த ஒருவனின் துயரை மெதுவாகச் சொல்லிற்று. பழைய இரசிகர் சிலர் அப்போதே குழு விலைபோய்விட்டதெனக் குறைகூறினர். 1986இல் 'மாஸ்ரர் ஒவ் பப்பெற்ஸ்' வெளிவந்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் சுவீடன் நாட்டில் நேர்ந்த பேருந்து விபத்தில் குழுவின் பாஸ் கிற்றார்க் கலைஞர் கிளிஃப் பேர்ட்டன் இறந்தார். 1988இல் வந்த அடுத்த தொகுப்பில் பாடல்கள் நீண்டு, தாளம் பின்னிப் பின்னிச் சிக்கலாயின. தலைப்புப் பாடல் மட்டும் ஏறத்தாழப் பத்து நிமிடம். வன்மையின் வழியில் அதற்கு மேல் நடக்க இடமில்லை என்னும் எல்லையை அவர்கள் தொட்டிருந்தனர்.

1991 ஆகத்து 12ஆம் நாள், குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட, கரிய அட்டையுடைய இசைத்தட்டு வெளியாயிற்று. பொப் றொக் என்னும் தயாரிப்பாளரின் துணையோடு பாடல்கள் சுருங்கின, நடை தளர்ந்தது, வெட்டுண்டு விழுந்த சுரங்கள் நின்று ஒலித்தன. முழங்கிய ஹெற்ஃபீல்ட் பாடத் தொடங்கினார். 'நத்திங் எல்ஸ் மற்றேர்ஸ்' என்னும் காதற் பாடலுக்கு மைக்கேல் கேமன் அமைத்த வாத்தியக்குழு இசை துணை நின்றது. அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. அவர்களைப் பின்பற்றியும் பின்பற்றாமலும் ஏனைய குழுக்களும் மெல்லிசைப் பக்கம் நகர்ந்தன. மெகாடெத் 1992இலும் 1994இலும் நடை தளர்ந்த தொகுப்புகளைத் தந்தது. செருமனியின் எசென் நகரத்துக் கிறியேற்றர், 1999இல் 'என்டொறாமா' என்னும் தொகுப்பில் தன் கடுமையை ஏறக்குறைய முற்றாகக் கைவிட்டது. சிலேயர் போன்ற சிலரே பெரும்பாலும் பழைய நிலையிலேயே நின்றனர்.

இம்மாற்றத்துக்குக் காரணம் பணமே என்பார் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பெருஞ்சந்தை மெல்லிய பாடலை விரும்பும் என்பதை இசைத்தட்டு நிறுவனங்கள் நன்கறியும். ஆயினும் பணத்தை மட்டும் காட்டி முடிப்பது, கலைஞனின் கைகளையும் வயதையும் கணக்கில் எடாத கூற்று. கதிரிலிருந்து மணி பிரிந்த பின்னும் சூடடித்துக்கொண்டே இருப்பவன் இல்லை. அடுத்துத் தூற்ற வேண்டும், அளக்க வேண்டும். இருபது வயதிற் சினந்தவன் முப்பது வயதில் இழப்பையும் அறிகிறான். சினத்தைச் சொல்ல முடுகு போதும். இழப்பைச் சொல்ல நீண்டு நிற்கும் சுரம் வேண்டும். இவ்வுண்மையை அக்காலத்து இரசிகர் பலர் ஏற்க மறுத்தமைக்கும் காரணம் உண்டு. அவர்கள் இழந்தது ஒரு பாட்டு வகையை அன்று. வேறெவரும் தமக்காகப் பேசாத காலத்தில் தமக்காக முழங்கிய குரலொன்றை அவர்கள் இழந்தனர். அக்குரல் எல்லோர்க்கும் இனியதாக மாறியபோது, தம்மை விட்டுப் போயிற்று என அவர்கள் வருந்தியதில் வியப்பில்லை.

கிறியேற்றரின் பின்னைய வரலாறு இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. 2001இல் 'வயலன்ற் றெவலூஷன்' என்னும் தொகுப்போடு அக்குழு வன்மைக்குத் திரும்பியது. ஆயினும் வெறுங்கையோடு திரும்பவில்லை. மென்மையின் நாட்டில் உலாவியபோது கற்ற இன்னோசை வரிகள் கடுமையான தாளத்தின் மேல் ஏறி அமர்ந்தன. தமிழ் நிலத்துக்கு அண்மையில் இதற்கோர் எடுத்துக்காட்டு வேண்டின், பெங்களூரின் கிறிப்ரோஸ் குழுவைச் சுட்டலாம். 1998இல் தொடங்கிய இக்குழு, 2004இன் 'ஸ்பைறல் அசென்ற்' முதலான தொடக்கத் தொகுப்புகளில் திராஷின் கடுமையோடு இயங்கிற்று. 2013இல் செருமனியின் வாக்கன் விழா மேடையில் வாசித்தது. 2016இன் 'பேர்ண் அப் த நைற்' தொகுப்பில் 1980களின் பழைய ஹெவி மெற்றலின் இன்னோசைக்கு நகர்ந்தது. இரு கிற்றார்கள் ஒன்றுக்கொன்று இணைசுரம் தொடுத்துச் செல்ல, நோலன் லூயிசின் குரல் மட்டும் பழைய கரகரப்பை விடாது நின்றது. நரம்பு இனிமையைப் பாட, தொண்டை வன்மையைக் காத்தது. மாற்றம் என்பது ஒன்றை எறிந்து மற்றொன்றை எடுப்பதன்று என்பதற்கு இது நல்ல சான்று.

இனி வன்னிக்கு வரலாம். கரிய இசைத்தட்டு வெளியான அதே 1991இன் யூலை, ஆகத்து மாதங்களில் ஆனையிறவில் பெரும்போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1990இன் பின் வன்னி நெடுங்காலம் மின்சாரமின்றி இருந்தது. பொருளாதாரத் தடையால் மின்கலம் கிடைப்பதும் அரிதாக, மிதிவண்டியின் சில்லைக் கையாற் சுழற்றித் தைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் மக்கள் வானொலி கேட்டனர். சுழற்றும் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்தது, பாட்டும் ஓய்ந்தது. உலகின் ஒரு பகுதியில் இளைஞர் பெருஞ்செலவு செய்து பேரோசையை ஆக்கிக்கொண்டிருந்த வேளையில், இன்னொரு பகுதியில் வேண்டாத பேரோசை வானிலிருந்து விழுந்தது; வேண்டிய சிற்றோசைக்கோ கை வருந்த வேண்டியிருந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. முட்கம்பிக்குள் அடைபட்ட மக்களுட் கடைசித் தொகுதியினர் மெனிக் பாமை விட்டு வெளியேற 2012 செப்ரெம்பர் ஆயிற்று.

அத்தகைய நிலத்தில் வளர்ந்த மாணவனொருவன், அறிவியல் நகரிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ விடுதி அறையொன்றில் இருந்து, மெற்றாலிக்காவின் 'வண்' என்னும் பாடலை முதன்முறை கேட்பதாக எண்ணிப் பார்க்கலாம். டோல்ற்றன் றம்போ 1939இல் எழுதிய நாவலொன்றைத் தழுவியது அப்பாடல். கைகளையும் கால்களையும் கண்ணையும் காதையும் நாவையும் போரில் இழந்து, உணர்வு மட்டும் எஞ்சிக் கிடக்கும் போர்வீரன் ஒருவனே அதிற் பேசுகிறான். தொடக்கத்தில் குண்டோசை, பின் மிக மெல்லிய மீட்டல், பாதிக்கு மேல், பெருமுரசு இயந்திரத் துப்பாக்கியின் ஓசையாகவே மாறிவிடுகிறது. இங்கே செல்கை மெல்லிசையிலிருந்து வல்லிசைக்கு. கலிஃபோர்ணியாவில் அம்முரசோசை ஓர் உவமை. வன்னியில் அது உவமையன்று. உறுப்பிழந்தோர் வாழும் ஊர்களில் அப்பாடலின் நாயகன் கற்பனைப் பாத்திரமும் அல்லன். அம்மாணவன் பாட்டை இடையில் நிறுத்திவிடவும் கூடும். தான் சொல்ல முடியாததை வேறொருவன் சொல்லிவிட்டான் என்று மீண்டும் மீண்டும் கேட்கவும் கூடும். இரண்டும் நேர்மையான செயல்களே. எதைக் கேட்க வேண்டும் என அவனுக்கு விதிக்கும் உரிமை, வன்மையை வழிபடுவோர்க்கும் இல்லை; மென்மையை உபதேசிப்போர்க்கும் இல்லை.

ஏனெனில், ஓசையைத் தணித்துக்கொள் என்ற குரல் எங்கிருந்து எழுகிறது என்பதே இங்கு முதன்மையான வினா. தமிழர் பண்பாட்டில் இதற்குக் கசப்பான முன்னுதாரணம் உண்டு. வீரத்துக்கும் வழிபாட்டுக்கும் ஊரறிவித்தலுக்கும் உரியதாயிருந்த பறை, காலப்போக்கில் சாவீட்டுக் கருவியாகக் குறுக்கப்பட்டது. கோயில் முன்றிலில் நாதசுரமும் தவிலும் மங்கல இசையாக உயர, பறை வெளியே நின்றது. அதன் ஓசை கடுமையானது என்று கூறப்பட்டது. உண்மையிற் கடுமையாயிருந்தது அதை வாசித்தோர் மேற் சுமத்தப்பட்ட சாதி இழிவேயாகும். அவ்விழிவை எதிர்த்து அக்கருவியைக் கீழே வைத்தவர்களும் உண்டு. அண்மைக் காலத்தில் அதே எதிர்ப்போடு அதனை மீண்டும் கையில் எடுத்தவர்களும் உண்டு. இனிமை என்னும் அளவுகோல் பல வேளைகளில் மேலே இருப்பவரின் காதைக் கொண்டே செய்யப்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கூத்தின் வரலாறு வேறொரு வகையான மாற்றத்தைக் காட்டும். வன்னியிற் கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் நெடுங்காலம் வழக்கில் இருந்து வந்துள்ளன. மத்தளத்தின் வன்மையும் ஆட்டத்தின் மிதியும் முன்னிற்க, விடிய விடிய ஆடப்படுவது பழைய கூத்து. தமிழகத்திலிருந்து வந்த நாடகக் குழுக்களின் வழியே ஆர்மோனியம் ஈழத்து மேடைகளில் ஏறியபோது, இசை நாடகம் வேரூன்றியது. ஆட்டம் ஒடுங்கிப் பாட்டு ஓங்கிற்று. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டத்தில் நின்று பாடிய பாட்டுக்காகவே மக்கள் திரண்டனர். மத்தளத்தின் ஆட்சி போயிற்றே என வருந்திய கண்களும், இசையின் இனிமையில் நனைந்த கண்களும் ஒரே முன்றிலில் இருந்தன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை மீட்டெடுத்தபோது, இரவு முழுவதும் ஆடியதைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கினார். அதனைக் காத்தல் என்றவரும் உண்டு; குறைத்தல் என்றவரும் உண்டு. எனினும் இசை நாடகம் கூத்தைக் கொன்றுவிடவில்லை. சுருக்கம் அதனை அழித்துவிடவுமில்லை. மாற்றத்தை ஆக்கியோர் அக்கலைக்குள் நின்றே ஆக்கினர் என்பதே காரணமாகலாம்.

வன்மை தணிந்து மென்மையாதல் பற்றி வன்னி மண்ணுக்குத் தனக்கே உரிய நினைவொன்றும் உண்டு. மதுரையை எரித்த கண்ணகி, சினம் ஆறாது ஈழத்துக்கு வந்து பல இடங்களில் தங்கி, பத்தாவது இடமாக நந்திக்கடலோரத்து வற்றாப்பளையை அடைந்தாள் என்பது அவ்வூர் ஐதிகம். முதியவள் வடிவில் வந்தவள், மாடு மேய்த்த சிறுவர்களிடம் விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை என்றார்கள். கடல்நீரை எடுத்து விளக்கேற்றுமாறு பணித்தாள், விளக்கு எரிந்தது. இன்றும் வைகாசிப் பொங்கலையொட்டிக் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு எரிப்பது வழக்காக உள்ளது. கிழக்கிலோ கண்ணகி கோயில்களில் வழக்குரை பாடி, முடிவில் குளிர்த்திச் சடங்கு செய்வர்.

இவ்வழக்குகள் உணர்த்துவது யாது? முதலாவது, சீற்றம் என்றும் சீற்றமாகவே நிற்க வேண்டியதில்லை. குளிர்தல் கோழைமையும் அன்று. எரித்தவளே தாயாக அமர்கிறாள். இரண்டாவது, குளிர்த்திக்கு முன் வழக்குரை. சிலம்பின் உண்மை அவையில் உரைக்கப்பட்ட பின்னரே குளிர்ச்சி வேண்டப்படுகிறது. வழக்கைக் கேளாமலே குளிரச் சொல்வது சமாதானம் ஆகாது, வாயடைப்பேயாகும். மூன்றாவது, குளிர்ந்த பின்னும் விளக்கு அணைவதில்லை. அது நீரிலேயே எரிகிறது.

இசைக்குழு ஒன்று வன்மையிலிருந்து மென்மைக்கு நகரும்போது எழும் பூசலைத் தீர்க்கவும் இவ்வளவை போதும். நடை தளர்ந்ததா, விற்பனை பெருகிற்றா என்பன மேற்போக்கான வினாக்கள். தணிவு அவர்களுள் விளைந்ததா, வெளியிலிருந்து பணிக்கப்பட்டதா. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பின் தணிந்தார்களா, சொல்லாமலே அடங்கினார்களா. தணிந்த ஓசையின் அடியிற் பழைய சுடர் இருக்கிறதா என்பனவே கேட்கத்தக்கவை. இவ்வளவையால் நோக்கின், மெற்றாலிக்காவின் கரிய தட்டில் இழப்பின் கனல் உள்ள பாடல்களும் உண்டு. வெறும் மெருகு மட்டும் உள்ள பாடல்களும் உண்டு. கிறியேற்றரின் திருப்பம் தேடலாக நிற்கும். கிறிப்ரோஸ் குரலின் கரகரப்பு, அணையாத சுடரொன்றாகும்.

நாளை கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இளைஞர் சிலர் கிற்றாரும் முரசும் கொண்டு கூடுவரெனின், அவர்கள் எவ்வோசையை எழுப்புவர் என்று எவராலும் கூற இயலாது. பறையின் அடியைப் பெருமுரசில் ஏற்றி முழங்கலாம். காத்தவராயன் சிந்தின் நடையை நரம்பில் மெல்ல இழைக்கலாம். இன்று முழங்கி, பத்தாண்டு கழித்து மெல்லப் பாடலாம். முழங்கும்போது பண்பற்றவர் என்றும், மெல்லப் பாடும்போது மறந்தவர் என்றும் அவர்களைப் பழிக்க ஆட்கள் இருப்பர். வல்லிசைக்கும் மெல்லிசைக்கும் ஒரே நிரலில் இடம் தந்த இலக்கணம் அவர்களுக்குத் துணையாக உண்டு. அவர்தம் காதில் விழ வேண்டிய ஓசையையும், வாயில் எழ வேண்டிய ஓசையையும் அவர்களே தெரிவு செய்யும் நிலை அந்நிலத்தில் நிலைக்க வேண்டும் என்பதே வேண்டற்பாலது.